வாய் வைக்காத வீடு

காலையில் எழுந்ததும் வர்ஷினி அத்தைக்கு முதல் வேலை குளிர்பேழையை அடுக்குவது. மேல்தட்டில் பால், தயிர், சாமிக்கு வாங்கிய மல்லிகைச் சரம். நடுத்தட்டில் இட்லி மாவு. மருமகளாகிய எனக்கும் என் மீன் குழம்புக்கும் கீழே ஒரு மூலை. ஊரே பாதி கடலுக்குள் போய்விட்டது. அத்தையின் ஆசாரத்தில் மட்டும் ஒரு சொட்டு ஈரம் படவில்லை.

என் தண்ணீர் பாட்டிலுக்குச் சிவப்பு ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். "அது வாய் வச்சுக் குடிக்கிறவ பாட்டில், மாத்தி எடுத்துடாதீங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவர் அண்ணாந்துதான் குடிப்பார். அந்தப் பெருமிதத்தைப் பார்த்தால் ஏதோ பட்டம் வாங்கியவர் என்று தோன்றும். பாதி நாள் புரையேறும் என்பது வேறு விஷயம்.

மேட்டில் மிஞ்சிய வீடுகளுக்கு ஊரே அடித்துக்கொண்டது. குடியிருப்பவருக்கே வீடு என்று சட்டம் வந்ததும், ஆளில்லாத வீட்டில் ஆள் இருப்பதாக மீட்டரையும் கேமராவையும் ஏமாற்றினார்கள். கடைசியில் அரசு ஏமாற்ற முடியாத ஒன்றைப் பிடித்தது: எச்சில். பேழைக்குள் இருக்கும் உமிழ்நீர் உணரி, பாட்டிலிலும் மிச்சச் சாப்பாட்டிலும் யாருடைய எச்சிலைக் காண்கிறதோ அவரையே அந்த வீட்டின் குடியாகப் பதியும். அத்தையோ தான் கை வைத்த சாப்பாட்டைப் பேழைக்குள் வைக்கவே மாட்டார்.

அறிவிப்பு வந்த அன்றே சொன்னேன்.

"அத்தை, ஒரு தடவையாவது பாட்டில்ல வாய் வச்சுக் குடிங்க. இல்லன்னா நீங்க இங்க இல்லன்னு ஆயிடும்."

"கருமம்! என் வீட்ல நான் இருக்கேன்னு காட்ட எச்சில் பண்ணணுமா? உன் புத்தி அப்படித்தான் போகும்."

நேற்று வசிப்பு அலுவலர் வந்து பேழையின் கதவுத் திரையைப் பார்த்தார்.

"இங்க ஒருத்தர்தாம்மா குடியிருக்காங்க. நிறைமதி."

"நான்தான்" என்றேன். என் கணவரின் பதிவு அவர் வேலை பார்க்கும் கடல்மேடையில் இருக்கிறது.

அத்தை சிரித்தார். "தம்பி, வீடே என் பேர்லதான் இருக்கு."

"பேர் இப்ப செல்லாதும்மா. ஏற்கெனவே பதிவான பாட்டில்ல ஒரு வாய் குடிங்க, சேத்துடறேன்."

என் பாட்டிலை எடுத்து நீட்டினார். அத்தை அதன் வாயைச் சாக்கடையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு அண்ணாந்து, உதடு படாமல் ஊற்றிக்கொண்டார். புரையேறி இருமினார். அலுவலர் பாட்டிலை மறுபடி பேழைக்குள் வைத்துப் பார்த்தார். திரையில் ஒன்றும் மாறவில்லை. வீடே கைவிட்டுப் போகிறது, அப்போதும் இந்த வீம்பு!

அலுவலர் என் பக்கம் திரும்பினார். "விருந்தாளின்னு போட்டா ஒரு மாசம் இருக்கலாம். அதுக்கும் குடியிருக்கிறவங்க சம்மதிக்கணும். இல்லன்னா இன்னைக்கே கெளம்பணும். என்னம்மா சொல்றீங்க?"

எனக்கு இரக்கம் வரவில்லை. அருவருப்புதான் வந்தது. முகவாயில் தண்ணீர் சொட்ட நின்ற அத்தை, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முதல்முறையாக, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.