பாரத்தில் இரண்டாவது பெயர்

பக்கக் கதவு, பொத்தானை அழுத்தினால் தானாக நகர்ந்து திறந்தது. நான்கு வயது வாண்டு அதைப் பதினோராவது முறையாக அழுத்திக்கொண்டிருந்தான்.

ஏழு பேர் உட்காரும் வேன். வாங்குவதற்கு முன் குடும்பத்தோடு ஒரு பயணம் போய்ப் பாருங்கள் என்று இரண்டு நாளைக்குக் கொடுத்திருந்தார்கள்.

"யார் யார் ஓட்டுவீங்க சார்? இந்தப் பாரத்துல எழுதற பேருக்குத்தான் இன்ஷூரன்ஸ்," என்றாள் வண்டியை வீட்டுக்கே கொண்டுவந்திருந்த ஷோரூம் பெண்.

"நான் மட்டும்தான்," என்றான் வாண்டுவின் அப்பா.

"அப்பாடா!" என்றாள் நாத்தனார். அவனுக்கு அக்கா, பயணத்துக்கென்று காலையிலேயே வந்திருந்தாள். "அவ்வளவு பெரிய கேட்டுத் தூணையே இடிச்சவ கையில ஏறி உக்கார எனக்குத் தெம்பில்லடா தம்பி!"

ஃபிளாஸ்க்கில் பால் ஊற்றிக்கொண்டிருந்த வாண்டுவின் அம்மா மூடியைத் திருகி மூடினாள். நான்கு வருடத்தில் பழகிப்போன பேச்சு.

ஆனால் தூண் இடிந்த அன்று காரைப் பின்னால் எடுத்தவர் மாமனார். முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டி, ஒரு கீறல்கூடப் படாமல் ஓய்வு பெற்றவர். தூண் சாய்ந்தது, மூத்த மகளின் மூன்று சக்கர சைக்கிள் சக்கரத்தடியில் நொறுங்கியது. குழந்தை அதில் இல்லை. "கண்ணுல புகை மாதிரி மறைக்குதும்மா..." என்று ஸ்டியரிங்கை விடாமல் அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவள் அவள் மட்டும்தான். மற்றவர்கள் ஓடிவருவதற்குள் அவரை இறக்கிவிட்டுத் தான் ஏறி உட்கார்ந்துகொண்டாள். 'நான்தான் இடிச்சிட்டேன்.' யோசித்துச் சொன்ன வார்த்தை அல்ல. ஆனால் சொன்னபின் திரும்ப எடுக்க முடியவில்லை. மறுநாளே சாவியைக் கணவன் பீரோவில் வைத்துப் பூட்டினான். அவள் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போனாள். மாமனார் முட்டி வலி என்று ஓட்டுவதையே விட்டார்.

இத்தனைக்குப் பிறகும் அவள் தன்னைச் சந்தேகிக்கவில்லை. போன வருடம் யாரிடமும் சொல்லாமல் லைசென்ஸைப் புதுப்பித்துக் கைப்பையில் வைத்திருந்தாள்.

"ரெண்டாவதா என் மருமக பேர எழுதும்மா," என்றார் மாமனார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்பா, எதுக்கு இப்போ..."

"பேருதானேடா. இருந்துட்டுப் போகட்டும்."

அவளைக் கடைசி வரிசையில் இரண்டு குழந்தைகளுக்கு நடுவே உட்கார வைத்தார்கள். ஒரு கையில் வாந்திப் பை, மறு கையில் பிஸ்கட். எல்லோர் தலைக்கும் மேலாகத் தெரிந்த துண்டுச் சாலையில் வளைவு வரும்போதெல்லாம் அவள் வலது கால் தானாக அழுந்தியது. கணவன் பிரேக்கை எப்போதும் அரை நொடி தாமதமாகத்தான் மிதிக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். சிரிப்பு வந்தது.

இரண்டு மணி நேரம் கழித்து ஒரு மரத்தடியில் நிறுத்தினார்கள். வாண்டுவின் ஜூஸ் டப்பாவைத் திறந்த கணவனின் இமையில் தேனீ கொட்டியது. ஐந்து நிமிடத்தில் கண் வீங்கி மூடிக்கொண்டது.

"அப்பா பூரி மாதிரி ஆயிட்டாரு!" என்றாள் ஏழு வயதுப் பெரியவள்.

"நான் ஓட்டறேன்," என்றாள் அவள்.

"நீயா?" நாத்தனாரின் குரல் உயர்ந்தது. "வண்டியில பச்சப் புள்ளைங்க இருக்கு! அன்னிக்கு அந்த சைக்கிள்ல குழந்தை இருந்திருந்தா...? அப்பா, நீங்க எடுங்க. பாரமாவது கீரமாவது, யாரு வந்து பாக்கப் போறா?"

கணவன் ஒற்றைக் கண்ணால் மனைவியைப் பார்த்தான். பிறகு சாவியை அப்பாவிடம் நீட்டினான்.

அந்த நீட்டல் அவளைச் சுட்டது. ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்தது மாமனாரின் கையை. இத்தனை நாள் காத்தது அவர் மானத்தை. பின்சீட்டில் இருப்பது என் பிள்ளைகள். இவர் சீட்டில் ஏறினால் சொல்லிவிடுவேன்... அழாமல், கத்தாமல், எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவேன்.

அவர் பழைய வழக்கப்படி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். டயர் டயராகத் தட்டிப் பார்த்தார். பின்பக்கம் போனவர் வரவில்லை. கணவனும் மற்றவர்களும் போய்ப் பார்த்தபோது பம்பரைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"அன்னிக்கு ரிவர்ஸ் எடுத்தது நான்டா..."

"என்னப்பா சொல்றீங்க?"

"தூணும் தெரியல, சைக்கிளும் தெரியல. உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு இவ பழிய ஏத்துக்கிட்டா. நான்... நான் சும்மா இருந்துட்டேன். நாலு வருஷம் அவளை நீங்க பேசினதெல்லாம் எனக்குச் சேர வேண்டியது!" பம்பரிலிருந்து கையை எடுத்தார். "இப்பவும் வாயத் தொறக்கலேன்னா நான் மனுஷனே இல்ல..."

 நாத்தனார் வந்து தம்பி மனைவியின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "பாவி... ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? என் வாயி சும்மாவே கிடக்காதே..."

"சொல்லியிருந்தா மாமாவைப் பேசியிருப்பீங்க அண்ணி."

கணவனின் நல்ல கண்ணும் கலங்கியிருந்தது. "சாவியப் பூட்டி வெச்சேனே... என்ன நடந்துச்சுன்னு ஒரு தடவகூடக் கேக்கலியே நான்!"

"இப்ப சாவியக் குடுங்க," என்றாள். "மீதிய வீட்டுக்குப் போய்ப் பேசலாம். எனக்கும் பேச நிறைய இருக்கு."

பிறகு மாமனாரிடம் திரும்பினாள். "ஊருக்குப் போனதும் முதல் வேலை கண் டாக்டர். இனி முட்டி வலி கதையெல்லாம் செல்லாது மாமா."

"சரிம்மா," என்றார், பள்ளிக்கூடப் பிள்ளை போல.

சீட்டை முன்னால் இழுத்தாள். கண்ணாடிகளைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். வளைவுகள் ஒவ்வொன்றாக அவள் கைக்குள் வந்து போயின. ஒரு மணி நேரத்தில் வாண்டு வாந்தி எடுக்கவே இல்லை. நாத்தனார் வாய் திறந்து தூங்கிவிட்டாள்.

ஏரிக்கரையில் ஒரே ஒரு இடம்தான் இருந்தது, இரண்டு கார்களுக்கு நடுவே, பின்னால் கல் தூண். கணவன் என்னவோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டான்.

மாமனார் இறங்கிப் பின்னால் போய் நின்றார். ரிவர்ஸ் கேமராத் திரையில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அவர் உதவி தேவையில்லை. இருந்தாலும் ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

"வரலாம்... வரலாம்... வரலாம்..."

தூணுக்கு ஒரு முழம் முன்னால், அவர் 'போதும்' என்பதற்கு ஒரு கணம் முன்பே, அவள் நிறுத்தினாள். அவர் உள்ளங்கையால் வண்டியை இரண்டு முறை தட்டினார்.