வெள்ளிக்கிழமை றோல்ஸ்

மிருணாளினி எதைப் பிடித்தாலும் உடும்புப் பிடிதான். பத்து வயதிலேயே, நூலகக் கணினியில் இலவசப் பாடங்களைப் பார்த்துப் பார்த்து நிரல் எழுதக் கற்றுக்கொண்டாள். எத்தனை முறை பிழை விட்டாலும் அந்தப் பாடங்கள் கோபிக்கவே இல்லை. அவளும் சலிக்கவில்லை.

அவளுடைய அம்மா ஜெகதீஸ்வரி பாரிஸ் நகரின் லா சப்பலில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். வருகிறவர்கள் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று, எதை வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டே இருப்பார்கள். வரிசை வாசலைத் தாண்டிவிடும்.

அவர்களுக்காகவே மிருணாளினி ஒரு நிரல் எழுதினாள். டேப்லெட்டைத் தொட்டால், அது ஒரு சாப்பாட்டின் பெயரைச் சொல்லும். பள்ளி விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை அதைக் கடையில் வைத்தாள்.

முதலில் தொட்டவர் ஸ்ரீஸ்கந்தராசா மாமா. நெற்றி நிறையத் திருநீறு.

"ஆட்டிறைச்சி றோல்ஸ்!" என்றது டேப்லெட்.

"என்ன பிள்ளை இது? வெள்ளிக்கிழமையும் அதுவுமா! இப்பதான் கோயிலால வாறன்!"

கடையே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை.

"பின்னேரத்துக்குள்ள இதைத் திருத்து, மிருணா. இல்லையெண்டால் எடுத்து வீட்டுக்குள்ளை வைச்சிடுவன்."

மிருணாளினிக்கு அழுகை முட்டியது.

"செய்தி பாக்கேல்லையோ?" என்றான் அண்ணன் தனோஜன். "இப்ப செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதுதாம். அதிட்டைக் கேள்."

கேட்டாள். கண்மூடித் திறப்பதற்குள் நிரல் வந்தது. வெள்ளிக்கிழமை என்றால் இறைச்சியே கிடையாது! கெட்டிக்கார இயந்திரம்தான் என்று அவள் வாயைப் பிளந்தாள்.

மதியம், புதுச்சேரிக்காரரான அந்தோணியம்மாள் வந்து டேப்லெட்டைத் தொட்டார். கடலை என்றது. மறுபடி தொட்டார். மறுபடியும் கடலை.

"என்னம்மா இது? மட்டன் ரோல் வாங்கத்தான் திரான்சியிலேர்ந்து ரயிலேறி வந்தேன். இது என்னைக் கடலை கொறிக்கச் சொல்லுதே!"

அம்மாவின் கை டேப்லெட்டை நோக்கி நீண்டது. நல்லவேளை, அதற்குள் அடுத்த ஆள் வந்துவிட்டார்.

"சைவமோ, மச்சமோ?" என்று அம்மா அவரிடம் கேட்டார். மரக்கறியா, மீன் இறைச்சியா என்று யார் வந்தாலும் அம்மா முதலில் கேட்பது அதைத்தான்.

மிருணாளினி துள்ளி எழுந்தாள். "அம்மா, கொஞ்சம் பொறுங்கோ!"

இந்த முறை யாரையும் கேட்காமல் தானே எழுதினாள். இப்போது டேப்லெட்டும் முதலில் கேட்டது: "சைவமோ, மச்சமோ?" அதற்குக் கீழே இரண்டு பொத்தான்கள்.

மாலையில் தேநீர் குடிக்க வந்த ஸ்ரீஸ்கந்தராசா மாமா, பயந்து பயந்து சைவத்தைத் தொட்டார்.

"உளுந்து வடை!"

"பாத்தியளோ, இதுக்கு என்னைத் தெரிஞ்சு போச்சு!" என்றார் மாமா.

"தெரியாது மாமா," என்றாள் மிருணாளினி. "அதுதான் உங்களிட்டைக் கேக்கச் சொன்னனான்."

அம்மா டேப்லெட்டில் படிந்திருந்த எண்ணெயைத் துடைத்து, எல்லோர் கண்ணிலும் படும்படி முன்னால் நகர்த்தி வைத்தார்.