அஞ்சு மடங்கு வில்லை

கனகரட்ணம் சேர் செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையும் முடியேல்லை. அதுக்குள்ளை என்ரை தம்பி பிறேம் கோப்பாயிலை அவற்றை வீட்டிலை போய் நிக்கிறான், பார்லோ வில்லை வேணுமாம். போதாக்குறைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனவன். நினைக்க இப்பவும் பத்தி எரியுது எனக்கு.

தொலைநோக்கியிலை கமராவைப் பூட்டிக் கோள்களைப் படம் பிடிக்கிற விசர் அவனுக்கு. பள்ளிக்கூடத்திலை அந்த விசரை ஏத்திவிட்டதே சேர்தான். பார்லோ எண்டது கோளை இன்னும் பெரிசாக்கிக் காட்டிற வில்லை.

சேரின்ரை மனிசி பத்மாசினி அன்ரி மூண்டு வில்லையை மேசையிலை வைச்சா. ரெண்டு மடங்கு, மூண்டு மடங்கு, அஞ்சு மடங்கு.

"பாத்து வை ராசா. அந்தியேட்டி முடியத் தாறன். அதுவரைக்கும் அவற்றை சாமான் வெளியிலை போகக் கூடாது."

"நாங்கள் சேர்ச்சுக்குப் போற வேதக்காரர் அன்ரி, உதெல்லாம் பாக்கிறேல்லை," எண்டான், பெரிய மனிசன் மாதிரி. அன்ரி மேசையை விட்டு விலகினா.

"எடுக்கிறதெண்டால் ரெண்டு மடங்கை எடடா," எண்டு காதுக்குள்ளை சொன்னன். "உன்ரை கமராவுக்கு அது காணும் எண்டு நீதானே சொன்னனி. அஞ்செண்டால் படம் இருண்டு, ஆடி, கலங்கிப்போம்."

அவன்ரை கையும் ரெண்டிலைதான் போனது.

உள் அறைக்குள்ளை ஆரோ செருமினது கேட்டுது.

"அஞ்சை எடு."

ஆம்பிளைக் குரல்.

"உள்ளுக்கை ஆர் அன்ரி?" எண்டு கேட்டன்.

"ஒருத்தரும் இல்லையே பிள்ளை. நான் தனியத்தானே இருக்கிறன்."

அந்த மடையன் அஞ்சைத் தூக்கிப் பொக்கெற்றுக்கை போட்டான்.

அண்டைக்குப் பொழுதுபட்ட கையோடை மொட்டைமாடியிலை சனியைப் பிடிச்சான். தேத்தண்ணி கொண்டு ஏறினன். ஒரு சொட்டுக் காத்தில்லை. கண்ணுக்கு விடுற மருந்தின்ரை மணம் மூக்கிலை அடிச்சுது. லப்ரொப் திரையிலை சனி வளையத்தோடை வெட்டி ஒட்டின மாதிரி ஆடாமல் நிக்குது. அஞ்சு மடங்கிலை அப்பிடி நிக்கவே கூடாது.

திரை ஒருக்கா இருண்டு வெளிச்சுது.

பிறகும்.

கண் இமைக்கிற மாதிரி.

"நிப்பாட்டடா!" எண்டு கத்தினன்.

"அக்கா," எண்டான் மெல்ல. "லப்ரொப்பை ஏன் நூத்தனி? ஒரே இருட்டாக் கிடக்கு."

லப்ரொப் அவன்ரை முகத்துக்கு நேரை எரிஞ்சுகொண்டுதான் இருந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினம். கண்ணிலை ஒரு பிழையும் இல்லையாம், ஆனால் அவனுக்கு ஒண்டும் தெரியேல்லை. வாட்டிலை மறிச்சுப்போட்டினம்.

விடியக் காலமை வில்லையைக் கழட்டிக்கொண்டு கோப்பாய்க்குப் போனன். சேரின்ரை படத்துக்கு முன்னாலை குத்துவிளக்கு எரிஞ்சுது. வில்லையை அதுக்குக் கீழை ஓங்கி வைச்சன்.

"வெக்கமில்லையோ சேர் உங்களுக்கு? படிப்பிச்ச பெடியன்ரை கண்ணைப் பிடுங்கிறதோ வாத்தியார் செய்யிற வேலை? திருப்பித் தாங்கோ!"

அன்ரி அழத் தொடங்கீட்டா. "அவருக்குக் கடைசிக் காலத்திலை கண் தெரியேல்லைப் பிள்ளை. சனியை இன்னும் ஒருக்காப் பாக்கோணும் எண்டு அரற்றி அரற்றித்தான் போனவர்."

"அதுக்கு என்ரை தம்பியோ கிடைச்சவன்?" எண்டு படத்தைப் பாத்து இன்னும் ஏசினன். வாயிலை வந்ததெல்லாம் சொன்னன்.

போன் அடிச்சுது. பிறேம்.

"அக்கா! கண் தெரியுது!"

"ஆண்டவரே! உண்மையாவோடா? என்ன தெரியுது, வாட்டுத் தெரியுதோ?"

அவன் ரகசியம் மாதிரிக் கேட்டான்.

"வாட்டுத் தெரியேல்லை அக்கா. எனக்கு முன்னாலை ஒரு குத்துவிளக்கு எரியுது. அதுக்கு அங்காலை நிண்டு, நீ ஏன் என்னைப் பாத்து ஏசுறாய்?"