ரெண்டு சிவப்புப் பை... ஒரே நம்பர்!

"அய்யோ... போச்சே!"

அரியலூர்க் கல்யாண மண்டபமே அந்த அலறலில் ஆடிப்போனது!

வளர்மதி பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்தபடி மேடைக்கு ஓடினாள். இன்னும் அரை மணியில் அவளுக்கு நிச்சயதார்த்தம். தட்டு மாற்ற வேண்டிய நேரம்!

மேடையில் பிணம் எதுவும் இல்லை.

சீர்த் தட்டுகளுக்கு நடுவே இரண்டு சிவப்புக் கைப்பைகள். இரண்டும் 'ஃபிலோர்னா'... இத்தாலிக் கம்பெனி! ஒன்று, பெண் வீட்டார் மாமியாருக்கு ஆன்லைனில் வாங்கியது. மற்றது, மாப்பிள்ளை வீட்டார் மருமகளுக்கு வாங்கியது.

அலறியது வளர்மதியின் அம்மா சுமதி.

"உள்ளாற பாருடி! ஆதார் மாதிரி ஒரு பைக்கு ஒரு நம்பர்தான்னு போட்டிருந்தான். ரெண்டுலயும் ஒரே நம்பர்!"

"அப்ப ஒண்ணு டூப்ளிகேட்டு," என்றாள் மாப்பிள்ளையின் அம்மா கண்ணகி. "நாங்க பெரம்பலூர்லேருந்து கொண்டாந்தது அசலு!"

"பெரம்பலூர்ல ஏதுங்க சம்பந்தி இத்தாலி?"

"அரியலூர்ல மட்டும் இருக்கோ? சிமெண்டுத் தூசிதான் இருக்கு!"

"டூப்ளிகேட் பை குடுக்குற வூட்டுக்கு எம்பொண்ணு வரமாட்டா!"

"வரவே வேணாம்! தட்டு மாத்தலை. எல்லாரும் வேன்ல ஏறுங்கடா!"

வளர்மதி திரும்பினாள். தூணோரம் விழித்துக்கொண்டு நின்ற மாப்பிள்ளை சரத்குமாரைப் பார்த்தாள். அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. போயும் போயும் ஒரு பைக்காக அவனை விடுவதா?

"இருங்க அத்தை!"

பைப் பெட்டிக்குள் ஓர் அட்டை... அதில் கியூ.ஆர். கோடு. ஸ்கேன் செய்தாள். திறந்த பக்கம் பையின் நம்பரைக் கேட்டது. அடித்தாள்.

'வாழ்த்துகள்! உங்கள் பை அசல்!'

அடுத்த பெட்டியின் அட்டை. அதே பக்கம். அதே வாழ்த்து!

ஒரே நம்பர்... இரண்டு பை... இரண்டுமே அசல். எப்படி?

வளர்மதி சிமெண்ட் ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். அங்கே காலையில் சிமெண்டை நிறுப்பதற்கு முன்னால் தராசையே சோதிப்பார்கள். எடை தெரிந்த கல்லை வைத்து, அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பார்கள். தராசு பொய் சொன்னால் அன்றைக்கு நிறுத்த அத்தனையும் பொய்தானே!

சட்டென்று குனிந்தாள். மண்டபத்துப் பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகில் பெயின்ட்டில் எழுதியிருந்தது... 86.

அதை அடித்தாள்.

'வாழ்த்துகள்! உங்கள் பை அசல்!'

"அம்மா... இந்த நாற்காலியும் இத்தாலிதானாம்!"

மண்டபம் வாயைப் பிளந்தது.

"என்னத்த அடிச்சாலும் அசலுங்குது அத்தை. பையை வித்தவனே இந்தப் பக்கத்தையும் பண்ணி வச்சிருக்கான். ரெண்டுமே டூப்ளிகேட்! எங்க வாங்குனீங்க?"

"தரகர் லிங்க் அனுப்புனாரு. பாதி விலைன்னாரு..." இழுத்தாள் கண்ணகி.

"எங்களுக்கும் அவருதான்!" என்றாள் சுமதி.

இரண்டு சம்பந்திகளும் ஒன்றாகத் திரும்பினார்கள். எல்லோருக்கும் முந்திப் பந்தியில் உட்கார்ந்திருந்த கல்யாணத் தரகர் ராசாங்கம், பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்!

"லிங்க் அனுப்புனா கமிஷன் தரேன்னாங்க தாயி... அசலா போலியான்னு நான் எங்க கண்டேன்!"

"அவரு எலைய எடுங்கடா!"

இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். சம்பந்தி சண்டை அதோடு தீர்ந்தது!

"நல்ல நேரம் போவுது. தட்டை எடுங்க," என்றார் வளர்மதியின் அப்பா வீரமுத்து.

"ஒரு நிமிஷம்ப்பா..." வளர்மதியின் குரல் மாறியிருந்தது. "மாப்பிள்ளையைக் கொண்டாந்தது யாரு?"

"ராசாங்கம்தான். ஆனா நான் சும்மா நம்பிடலம்மா! மெட்ராஸ்ல அவரு ஆபீசுக்கே போன் போட்டு விசாரிச்சேன்."

"ஆபீஸ் நம்பர் யாருப்பா குடுத்தது?"

வீரமுத்து தரகரைத் திரும்பிப் பார்த்தார்.

"...ராசாங்கம்."

மண்டபமே மாப்பிள்ளை பக்கம் திரும்பியது! சரத்குமாருக்குக் குப்பென்று வியர்த்தது.

"நான் அசல்தாங்க!"

"நாற்காலியும் அசல்னுதான் வந்துச்சு."

வளர்மதி அவன் வேலை பார்க்கும் கம்பெனியின் பெயரைத் தானே அடித்துத் தேடினாள். அவர்களுடைய வலைத்தளத்தில் இருந்த நம்பருக்கு போன் செய்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"சரத்குமாரா? எங்க இன்ஜினியர்தான் மேடம். இன்னைக்கு அவருக்கு நிச்சயதார்த்தம்... லீவு!"

சரத்குமாருக்குப் போன உயிர் வந்தது. நாதஸ்வரம் முழங்கியது. தட்டு மாறியது!

"ஒரு பைக்காக என்னையே சோதிச்சிட்டீங்களே!" என்று கிசுகிசுத்தான்.

"விக்கிறவங்க குடுக்குற நம்பர்ல விசாரிக்கக் கூடாதுங்க. நாமளே தேடி எடுத்த நம்பர்லதான் விசாரிக்கணும்... பைன்னா தூக்கிப் போட்டுடலாம். உங்களை உங்கம்மா ரிட்டர்ன் எடுக்க மாட்டாங்களே!"