எலியாஸ் பல் துலக்க மறுத்த வாரம்

எலியாஸ் பல் துலக்க மறுத்துவிட்டான். கணக்கும் போடவில்லை. இன்னும் ஏழு வருஷத்தில் விண்கல் வந்து பூமியில் விழப்போகிறது, அதற்குள் பல் எதற்கு, கணக்கு எதற்கு என்று கேட்டான்.

எல்கி பள்ளத்தாக்கில் வானத்துச் செய்தியைத் திராட்சை விலையைப் போல வீட்டுக்கு வீடு பேசுவார்கள். சுற்றிலும் மலை உச்சிகளில் தொலைநோக்கிகள். எலியாஸின் அம்மா அங்கே வேலை செய்கிறவர்களை வேனில் ஏற்றிப் போகிறவள். புதிதாக ஒரு விண்கல்லைக் கண்டுபிடித்திருக்கிறார்கள், அது பூமியில் மோத நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்று அவள்தான் வந்து சொன்னாள்.

அக்கா மகரேனா முதலில் சிரித்தாள். மறுநாள் தம்பி தன் கால்பந்தைப் பக்கத்து வீட்டு பாஸ்தியானுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. திராட்சைப் பந்தலின் அடியில் நாய் பூல்காவைக் கட்டிக்கொண்டு அவன் அழுதான்.

“நூத்துல ஒண்ணுன்னு சொன்னாங்க. இன்னிக்கு ரேடியோவுல மூணுங்கறாங்க. ஏறிக்கிட்டே போகுதுக்கா.”

ஏன் ஏறுகிறது என்று மகரேனாவுக்கும் புரியவில்லை. அம்மாவைக் கேட்டாள். கல் போகும் பாதையை இன்னும் சரியாக அளக்கிறார்களாம், வேனில் யாரும் பயந்த மாதிரி தெரியவில்லை என்றாள் அம்மா. அதற்கு மேல் அவளுக்கும் தெரியவில்லை.

காய்ந்த துணிகளை எடுக்கும்போதெல்லாம் மகரேனா அதையே யோசித்தாள். பிறகு கொடிக்கயிற்றை அவிழ்த்து, தூங்கிக்கொண்டிருந்த பூல்காவைச் சுற்றிப் பெரிய வட்டமாகத் தரையில் போட்டாள்.

“பூல்காதான் பூமி. கல்லு இந்த வட்டத்துக்குள்ள எங்கயோ ஒரு எடத்துல போகும். எங்கன்னு இன்னும் தெரியாது. நல்லா பாக்கப் பாக்க வட்டம் சின்னதாகும்.”

கயிற்றை இழுத்து வட்டத்தைச் சுருக்கினாள். பூல்கா இன்னும் உள்ளேதான் இருந்தது.

“இப்ப வட்டத்துல பூல்கா எவ்ளோ எடம் பிடிச்சிருக்கா?”

“நெறைய.”

“அவ வளந்துட்டாளா?”

எலியாஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டான். “இல்ல. வட்டம்தான் சின்னதாச்சு.”

கயிற்றை அவனே வாங்கிச் சுருக்கினான். வட்டம் நாயின் முதுகை உரசி, வால் நுனியையும் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டது. பூல்கா இப்போது வட்டத்துக்கு வெளியே; கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

“பூல்கா கடைசி வரைக்கும் உள்ளயே இருந்துட்டா என்ன ஆகும்?” என்று மெல்லக் கேட்டான்.

“அதுக்குத்தான் ஏழு வருஷம் இருக்கே. முன்னாடி ஒரு விண்கல்ல விண்கலத்தால இடிச்சு, அது சுத்துற பாதையவே மாத்திட்டாங்க. மலை மேல வேலை செய்யறவங்கள சும்மா வேடிக்கை பாக்கவா அம்மா தெனமும் ஏத்திக்கிட்டுப் போறாங்க?”

எலியாஸ் எழுந்து பாஸ்தியான் வீட்டுக்குப் போனான். பந்தோடு பாஸ்தியானையும் கூட்டிவந்தான். அவனும் உள்ளுக்குள் பயந்துகொண்டுதான் இருந்தானாம். அன்று மாலை பூல்கா மறுபடியும் பூமியாகத் தூங்க வேண்டியிருந்தது.

சில நாள் கழித்து, சாப்பிடும்போது அம்மா சொன்னாள், கல் பூமியில் மோதாது என்று உறுதியாகிவிட்டதாம். ஆனால் நிலாவில் விழக் கொஞ்சம் வாய்ப்பு இருக்கிறதாம்.

எலியாஸ் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான்.

“நிலாவுல யாராவது இருக்காங்களாம்மா?”

“இல்லடா.”

“அப்ப விழட்டும். நாம இங்கேர்ந்தே பாக்கலாம்” என்று ரொட்டியில் இன்னொரு கரண்டி மசித்த வெண்ணெய்ப்பழத்தை அப்பிக்கொண்டான்.