தாய் வகுப்பில் ஒரு பெயர்

ஆஸ்பத்திரியில் பூட்டிக் கிடந்த பழைய வார்டை மறுபடியும் திறக்கப் போகிறார்கள் என்று, இதயத் துடிப்பைக் காட்டும் மானிட்டர்களுக்கு வயர் இழுக்க என்னை அனுப்பினார்கள். அவற்றை ஓட்டும் புரோகிராமைச் சரிபார்க்க வந்தவர் என் தங்கை புருஷன். வீட்டிலும் உங்க மூஞ்சி, வேலையிலும் உங்க மூஞ்சி, என் தலையெழுத்து என்று அவரைக் கிண்டல் செய்துகொண்டேதான் உள்ளே போனேன். வெளியே நல்ல வெயில். ஜன்னல் கண்ணாடிகளில் பெயிண்ட் அடித்திருந்ததால் வார்டுக்குள் மட்டும் மங்கல். பினாயில் வாடை தொண்டையில் இறங்கியது.

அந்தப் புரோகிராமை முதலில் எழுதியவர் இதே வார்டின் கடைசிக் கட்டிலில்தான் இறந்துபோனாராம். மனுஷன் வைத்துவிட்டுப் போன கெடுபிடியைச் சொல்லி மாப்பிள்ளை புலம்பினார். வகுப்பு என்றால் புரோகிராமில் ஒரு துண்டாம்; எல்லாத் துண்டுகளுக்கும் மேலே தாய் வகுப்பு என்று ஒன்று உண்டாம். ஒவ்வொரு வகை மானிட்டருக்கும் எழுதும் வகுப்பு அதன் பிள்ளை. ஒவ்வொரு பிள்ளையும் ‘உரியவர்’ என்ற இடத்தில் ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும். ஒரு பிள்ளை சொல்லாமல் விட்டாலும் தாய் எதையும் கிளம்ப விடாது.

பிள்ளைகளோ எக்கச்சக்கம். மாசமாயிருந்த தங்கைக்கு அன்று சாயந்திரம் ஸ்கேன். கூட வருகிறேன் என்று சொல்லியிருந்ததால் மாப்பிள்ளைக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒவ்வொன்றாக எழுதப் பொறுமையில்லாமல் தாய் வகுப்பிலேயே ஒரு பெயரைத் தட்டிவிட்டார். தாயிடம் இருந்தால் பிள்ளைகள் அத்தனைக்கும் தானாக வந்துவிடுமாம். அவசரத்தில் அவர் விரலுக்கு வந்தது, பிறக்கப் போகும் குழந்தைக்கு அவர்கள் இரண்டு பேரும் ரகசியமாக வைத்திருந்த பெயர்.

புரோகிராம் கிளம்பியது. வார்டு முழுக்கத் திரைகள் எரிந்தன. ஒவ்வொன்றிலும் அந்தப் பெயர். கட்டில்களில் யாருமில்லை, வயர்கள் சும்மா தொங்கின.

பெயருக்குக் கீழே இதயத் துடிப்பு ஓடியது.

சின்ன உயிரின் வேகமான துடிப்பு.

வயரில் கோளாறு என்று நினைத்து நானே ஒன்றைப் பிடுங்கினேன். துடிப்பு நிற்கவில்லை. பினாயில் வாடை போய், எங்கிருந்தோ பால் வாடை வந்தது. மாப்பிள்ளை அந்தப் பெயரை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினார். இப்போது அது கிளம்பவே கூடாது.

கிளம்பியது.

“நான் அழிச்சிட்டேன் மச்சான்,” என்று கிசுகிசுத்தார். “இப்ப அந்தப் பேரை யாரு சொல்றா?”

அப்போதுதான் என் போன் அடித்தது. தங்கை. காத்திருந்து பார்த்துவிட்டுத் தனியாகவே ஸ்கேனுக்குப் போயிருக்கிறாள்.

“அண்ணா, அவரு எங்க? குழந்தையோட துடிப்பு கேக்கலைங்கிறாங்க.”

காதில் அவள் அழுகை. என்னைச் சுற்றி அந்தத் துடிப்பு.

குழந்தை தங்கவில்லை. வார்டை மறுபடி பூட்டிவிட்டார்கள். அந்த மானிட்டர்களை நானே என் கையால் உடைத்துப் போட்டேன். மாப்பிள்ளை அந்த வேலையை விட்டார். வார்டில் நடந்ததைப் பற்றித் தங்கையிடம் நாங்கள் மூச்சு விடவில்லை.

நேற்று அவள் மயங்கி விழுந்தாள். வேறு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். புத்தம் புது மானிட்டர், வேறு கம்பெனி, அந்தப் புரோகிராமுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நர்ஸ் வயரை ஒட்டியதும் திரையில் தங்கை பெயரும் துடிப்பும் வந்தன. கொஞ்ச நேரத்தில் அதன் கீழே இன்னொரு பெயரும் வேகமான இன்னொரு துடிப்பும் வந்தன.

தங்கை அதைப் படித்தாள். அந்தச் சாயந்திரத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

“அண்ணா, இங்க இருக்கான் பாரேன்.”

பெற்ற வயிறு. மாப்பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லி நர்ஸ் வயரை எடுக்க வந்தபோது, தங்கை அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்துவிட்டேன்.

வயர் கழன்றதும் அவள் பெயருக்குக் கீழே இருந்த துடிப்பு நின்று நேர்கோடானது.

அடுத்த வரியில் இருந்தது நிற்கவில்லை.