ஆன்சியின் விரல்

வெள்ளிக்கிழமை காலை நெட்டுக்குப்பத்து மீனவர்கள் இருவர் எண்ணூர்க் கழிமுகத்தில் முங்கி சாவியோவின் உடலை வெளியே கொண்டுவந்தார்கள். எங்கே முங்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொன்னவள் சாவியோவின் மகள் ஆன்சி. பன்னிரண்டு வயது. பிறந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

பழைய பாலத்தின் இடிந்த தூணுக்குக் கீழே உடல் கிடந்தது. இடுப்பில் கயிறு, கயிற்றின் நுனியில் இரும்பு. சேறு அப்பி எல்லாமே கறுப்பாக இருந்தது. பிணவறையில் தண்ணீர் அடித்துக் கழுவியபோதுதான் கயிறு பச்சை நிறம் என்று தெரிந்தது. இன்ஸ்பெக்டர் லியாகத் அலி தன் போனை எடுத்து முந்தைய நாள் வந்த வீடியோவை மறுபடி பார்த்தார்.

சாவியோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ராயபுரத்தில் வீடு. திங்கட்கிழமை காலை ஷிப்டுக்குப் போனவர் திரும்பவில்லை. ஆன்சி தினமும் மதியம் விம்கோ நகரிலுள்ள ஒரு சிறப்புப் பயிற்சி மையத்துக்குப் போய்வருவாள். அதை நடத்துபவர் டெரிக். மூன்று வருடங்களுக்கு முன்பு, உயிரும் மெய்யும் அச்சடித்த ஒரு பலகையை ஆன்சியின் முன் வைத்து, அவள் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்தார். அவள் விரல் எழுத்து எழுத்தாகத் தொட்டு 'அம்மா' என்றது. அன்றிலிருந்து ஆன்சி பலகையில் பேசினாள்.

வியாழன் மதியம், தாய் கரோலின் வழக்கம்போல் போனில் படம் எடுத்துக்கொண்டிருக்கையில், அந்த விரல் எழுதியது:

அப்பா தண்ணிக்குள்ள. எண்ணூர் பழைய பாலம். பச்சை கயிரு.

உடல் கிடைத்த செய்தி பரவியதும் ராயபுரம் வீட்டு வாசலில் மெழுகுவர்த்தியோடு கூட்டம் கூடியது. குழந்தையைத் தொட்டுப் பார்க்க வரிசை. அன்று மாலை டெரிக் வீட்டுக்கே பலகையைக் கொண்டுவந்தார். விரல் இன்னும் ஒரு சொல் எழுதியது: சித்தப்பா.

சாவியோவின் தம்பி ஃப்ரெடி காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவன். வீட்டைப் பாகம் பிரிப்பதில் அண்ணனோடு சண்டை. அவன் படகில் பச்சைக் கயிறு சுருள் சுருளாகக் கிடந்தது. இரவுக்குள் அவன் லாக்கப்பில் இருந்தான்.

சனிக்கிழமை காலை. தண்டையார்பேட்டை.

மாநகராட்சிப் பள்ளியின் பின்கட்டில் ஜஸீமாவின் அறை. சிறப்புக் குழந்தைகளையும் அவர்கள் குடும்பங்களையும் பார்க்கும் குழந்தை உளவியலாளர் அவள்.

"குழந்தையோட சாட்சிய மாஜிஸ்ட்ரேட்டு முன்னால எடுக்கணும் மேடம்," என்றார் லியாகத் அலி. "கூட ஒரு நிபுணர் குந்தணும்னு ரூல்."

ஜஸீமா வீடியோவை ஒருமுறை பார்த்தாள். பிறகு சத்தத்தை நிறுத்திவிட்டு மறுபடி பார்த்தாள்.

"சார், பொண்ணு எங்க பாக்குதுன்னு பாத்தீங்களா?"

ஆன்சியின் விரல் பலகையில் ஊர்ந்தது. முகமோ மேலே, கூரைப்பக்கம் திரும்பியிருந்தது. ஒரு தடவைகூட அவள் பலகையைப் பார்க்கவில்லை.

"எழுத்து எங்க கீதுன்னு மனப்பாடமா இருக்கலாம்ல?"

"நீங்க பத்து வருஷமா போன் வெச்சிருக்கீங்க. சுவரைப் பாத்துக்கிட்டு ஒரு விரலால 'கழிமுகம்'னு தட்டிக் காட்டுங்க."

அவர் முயலவில்லை. "அப்போ எழுதினது யாரு?"

"அதுக்கு முன்னாடி உங்க கைதியப் பாக்கணும்."

ஃப்ரெடி கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். கண் வீங்கியிருந்தது.

"பச்சைக் கயிறு ஆர்பர்ல எவன்கிட்ட இல்ல, சொல்லு மேடம்? சண்டை போட்டேன், மெய்தான். அதுக்காவ அண்ணனத் தண்ணில வுடுவனா?"

"கடைசியா எப்ப பாத்தீங்க?"

"ஞாயித்துக்கெழமை சாய்ங்காலம். பீச்சாண்ட. அண்ணன் ஆன்சியக் கூட்டிகினு வந்துச்சு. நான் அதுக்குப் பஞ்சு மிட்டாய் வாங்கிக் குடுத்தேன். மூஞ்செல்லாம் அப்பிக்கினா. அண்ணி வரல, தலவலின்னு வூட்லயே இருந்துச்சு." அவன் கொஞ்சம் தயங்கினான். "ஆனா என் பேர அதுவே எழுதிச்சாமே. நான் இன்னா பண்ணேன் அந்தக் கொழந்தைக்கு?"

பதினொரு மணிக்கு ஜஸீமாவும் லியாகத் அலியும், கரோலினையும் ஆன்சியையும் அழைத்துக்கொண்டு, விம்கோ நகர் மையத்துக்குப் போனார்கள். மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் பழைய குவாட்டர்ஸ் அது. உயரமான கூரை, வெயில் எட்டாத அறை. நடுவில் இரும்புச் சட்டத்திலிருந்து, குழந்தைகளை ஆட்டி அமைதிப்படுத்தும் மெத்தை ஊஞ்சல் தொங்கியது. ஊஞ்சல் துணி சாயம் போயிருந்தது. கயிறு மட்டும் பளிச்சென்ற மஞ்சள். பக்கத்துச் சுவரில் கையால் எழுதிய அட்டை: 'ஊஞ்சல் கயிரைப் பிடித்து இழுக்காதீர்கள்.'

டெரிக்குக்கு நாற்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தாழ்ந்த குரல்.

"வாங்க. ஆன்சிக்குக் கூட்டம் ஆகாது. மெதுவாப் பேசுங்க."

ஆன்சி வாசற்படியைத் தாண்டவில்லை. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, அடித்தொண்டையில் ஒரே சுருதியில் முனகினாள். மனிதக் குரல்போல் இல்லை. எங்கோ ஓடும் மோட்டாரின் இரைச்சல்போல் இருந்தது. அவள் கண்கள் ஊஞ்சல் மாட்டிய கொக்கியில் நின்றன. கரோலின் அவளைச் சுற்றி வளைத்து, சுவரோரமாக நடத்தி நாற்காலிக்குக் கொண்டுபோனாள்.

"இந்த ஊஞ்சல் மேலதான் மேடம் எப்பவும் குந்திகினு இருப்பா," என்றாள் கரோலின். "இந்த வாரம் பூரா கிட்டயே போவல. அப்பன் இல்லாத துக்கம், அதுக்குத் தெரியாதா?"

"செவ்வாய்க்கிழமையும் போகலையா?"

"செவ்வாயிலேந்துதான்."

"செவ்வாய்க்கிழமை அப்பா இறந்தது யாருக்கும் தெரியாதே."

"இதுக்குத் தெரிஞ்சிருக்கும். எல்லாமே தெரியும் இதுக்கு."

ஜஸீமா ஊஞ்சலைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். "சாவியோ உங்ககிட்ட கடைசியா எப்பப் பேசினாரு?"

"திங்கக்கெழமை மத்தியானம், போன்ல. 'நேத்து பீச்சுல இன்னா துன்னன்னு பலகைல கேளு'ன்னு காலைலயே சொல்லிட்டுப் போனாரு. கேட்டேன். 'ஐஸ்கிரீம்'னு எழுதினா. போன் பண்ணி சொன்னேன். செத்த நேரம் பேசவேல்ல. அப்பறம் 'சரி'ன்னாரு, வெச்சிட்டாரு." கரோலின் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "அவ்ளோதான்."

"வியாழக்கிழமை அந்த வார்த்தைங்க வந்தப்போ டெரிக் சார் எப்படி இருந்தாரு?"

"அவருக்கே தாங்கல. சட்டையெல்லாம் வேர்வை. 'குழந்தை களைச்சிட்டா, போதும்'னு கைய எடுக்கப் போனாரு. நான்தான் வுடல. கெஞ்சிக் கேட்டேன்."

லியாகத் அலி ஜஸீமாவைத் தாழ்வாரத்துக்கு இழுத்தார். "இவன்மேல டவுட்டா? கொன்னவன் எதுக்கு மேடம் பொணம் கீற எடத்த அவனே காட்டிக் குடுக்கணும்? கேஸ் நிக்காது."

"நிக்க வைக்கிறேன். ரெண்டு அட்டை, கொஞ்சம் படம், ஒரு மறைப்பு வேணும்."

மதியம் மூன்று மணி.

மேசைமேல் ஒரு தடுப்பு நின்றது. அதன் ஒரு பக்கம் ஆன்சி, மறுபக்கம் டெரிக். தடுப்பின் கீழ் இடைவெளி வழியாக அவர் அவளது மணிக்கட்டைப் பிடித்திருந்தார். பலகை இருவர் கண்ணுக்கும் தெரியும்படி நிமிர்ந்திருந்தது. இரண்டு பக்கமும் ஜஸீமா படம் காட்டுவாள். பார்த்ததை ஆன்சி எழுத வேண்டும்.

"இதுல எனக்குப் பயமே இல்ல," என்றார் டெரிக். அவர் பொய் சொல்லவில்லை. அவர் முகத்தில் ஒரு தகப்பனின் பெருமை இருந்தது.

முதல் படம். விரல் ஊர்ந்தது. மீன். சரி.

இரண்டாவது. சாவி. சரி.

மூன்றாவது. விரல் கொஞ்சம் தடுமாறி எழுதி முடித்தது. கத்தரி.

"நீங்க என்ன படம் பாத்தீங்க சார்?"

"கத்தரிக்கோல்."

ஜஸீமா ஆன்சியின் பக்கமிருந்த அட்டையைத் திருப்பிக் காட்டினாள். அதில் இருந்தது குடை.

ஆன்சியின் முனகல் மட்டும் கேட்டது.

"இன்னொரு தடவை," என்றார் டெரிக். ஆன்சிக்கு யானை காட்டப்பட்டது, அவருக்கு மணி. பலகை மணி என்றது. "இன்னொரு தடவை," என்றார். ஆன்சிக்குப் பந்து, அவருக்குத் தொப்பி. தன் கைக்குள்ளிருந்த சிறிய விரல் 'தொப்பி' என்று எழுதுவதை, யாரோ ஒருவரின் கையைப் பார்ப்பதுபோல் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கைய விடுங்க சார்," என்றாள் ஜஸீமா.

அவர் விட்டார். ஆன்சியின் விரல் பலகையிலிருந்து நழுவி மடியில் விழுந்தது.

"வீடியோவுல 'கயிரு'ன்னு சின்ன ர வந்திருக்கு," என்று ஜஸீமா லியாகத் அலியிடம் சொன்னாள். "சுவத்துல இவர் எழுதின அட்டையிலயும் அதே தப்பு. ஆனா வாத்தியார் தப்பு பிள்ளைக்கும் ஒட்டும். அதனாலதான் படம் வெச்சுப் பாத்தேன். மூணு வருஷமா இந்தப் பலகையில பேசினது டெரிக் சார். அவருக்கே அது தெரியாது. கையில நாம உணராத சின்னச் சின்ன இழுப்பு இருக்கும். மனசுல ஓடுறது அதுல வந்திரும்."

"அப்ப வியாழக்கெழம..."

"நாலு நாளா அவர் மனசுல ஓடினது ஒண்ணுதான். தண்ணி, பாலம், பச்சைக் கயிறு. நிறுத்தப் பாத்தாரு. கை நிக்கல. ஞாயித்துக்கிழமை ஆன்சி தின்னது பஞ்சு மிட்டாய். வாங்கிக் குடுத்தது ஃப்ரெடி, பாத்தது சாவியோ. பலகை ஐஸ்கிரீம்னு சொன்னப்பவே சாவியோவுக்குப் புரிஞ்சிருச்சு. அந்த மனுஷன் நேரா எங்க போயிருப்பாரு?"

கரோலின் எழுந்து நின்றாள். எதற்கு எழுந்தோம் என்று அவளுக்கே தெரியாததுபோல் நின்றாள்.

"கயிறு?" என்றார் லியாகத் அலி.

"அதைச் சொன்னது ஆன்சிதான். பலகையில இல்ல. இந்த மாதிரிக் குழந்தைங்களுக்குப் பழகின பொருள்ல ஒரு சின்ன மாத்தம் வந்தாலும் உயிர் போகும். அஞ்சு நாளா அவ அந்த ஊஞ்சலையே பாத்துக்கிட்டு இருக்கா. துணி பழசு, கயிறு புதுசு. பழைய கயிறு என்ன கலர்னு அவ அம்மாகிட்ட கேளுங்க சார்."

கேட்க வேண்டியிருக்கவில்லை. கரோலின் மெல்லச் சொன்னாள்: "பச்சை."

கான்ஸ்டபிள் ஸ்டூல் போட்டு ஏறினார். கொக்கியின் திருகுக்குள், மஞ்சள் முடிச்சுக்கு அடியில், நாலைந்து பச்சை இழைகள் சிக்கியிருந்தன.

டெரிக் தரையைப் பார்த்துப் பேசினார். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

"ஆறு மணிக்கு வந்தாரு. எல்லாக் குழந்தைங்களும் போயாச்சு. 'எம்பொண்ணு பேசவேல்ல சார், நீங்களே உங்ககிட்ட பேசிகினு கீறீங்க'ன்னாரு. சிரிக்கல, திட்டல. பாவமாப் பாத்தாரு. ஆன்சி எனக்கு எவ்வளவு எழுதியிருக்கா தெரியுமா? 'என்னைப் புரிஞ்சிக்கிட்ட ஒரே ஆள் நீங்கதான்'னு எழுதியிருக்கா. அதெல்லாம் நானேன்னா... தள்ளிட்டேன். தலை அந்த இரும்புச் சட்டத்துல மோதிச்சு."

"மையத்து வேன்லதான் கொண்டுபோனியா?" என்றார் லியாகத் அலி.

அவர் தலையசைத்தார். பிறகு நிமிர்ந்தார். கண்கள் ஆன்சியைத் தேடின.

"ஆனா அந்த இடத்த நான் சொல்லல. சத்தியமா நான் சொல்லல. அவ என் மனசுக்குள்ள பூந்து பாத்துட்டா. இந்தப் படமெல்லாம் அவ வேணும்னு தப்பாச் சொல்றா. என்மேல கோவம்."

லியாகத் அலி அவர் முகத்தையே பார்த்தார். இந்த ஆள் நடிக்கவில்லை.

"சித்தப்பான்னு எழுதினது?" என்றாள் ஜஸீமா.

டெரிக் தன் கையைப் பார்த்தார்.

"அது நான்," என்றார் டெரிக். "அது மட்டும் நான்."

ஜீப் போன பிறகும் கரோலின் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். ஃப்ரெடியை விட்டுவிடுவார்கள் என்று ஜஸீமா சொன்னாள். கரோலின் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

"மேடம், மொத மொத 'அம்மா'ன்னு எழுதிச்சே. அது?"

பொய் சொல்ல ஜஸீமாவுக்கு ஆசையாக இருந்தது. "அதுவும்தான்மா," என்றாள்.

"பொறந்தநாளுக்கு ஒரு சேதி எழுதினா. கண்ணாடி போட்டு மாட்டி வெச்சிருக்கேன்."

ஜஸீமா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கரோலின் அழவில்லை. புருஷனும் போய், மூன்று வருடம் பேசிய மகளும் போய், எதற்கு முதலில் அழுவது என்று தெரியாதவளாக இருந்தாள்.

ஒரு மாதம் அவள் ஜஸீமாவின் அறைப்பக்கமே வரவில்லை. பிறகு ஒருநாள் ஆன்சியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். "மொதல்லேந்து ஆரம்பிங்க மேடம். அதும் கைய மட்டும் யாரும் புடிக்கக் கூடாது."

ஆரம்பித்தார்கள். ஒரு பட அட்டை. அதை ஆன்சி தானே எடுத்து எதிரில் இருப்பவரிடம் கொடுத்தால், படத்தில் உள்ளது உடனே கிடைக்கும். முதல் இரண்டு வாரம் அட்டையைக் கடித்தாள், வீசினாள், கிழித்தாள். ஃப்ரெடி புதிது புதிதாக வெட்டி, பிளாஸ்டிக் ஒட்டிக் கொண்டுவந்தான். லாக்கப்பில் பட்ட அடியில் அவன் இடது காது இன்னும் சரியாகக் கேட்கவில்லை. அதைப் பற்றி அவன் யாரிடமும் பேசவில்லை.

மழை தொடங்கிய ஒரு காலையில், ராயபுரம் வீட்டில் கரோலின் மகளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். சிக்கு விழுந்த முடி. வழக்கம்போல் ஆன்சி நெளிந்தாள். அப்புறம் எட்டி, சுவரில் ஒட்டியிருந்த அட்டைகளில் ஒன்றைப் பிய்த்து எடுத்தாள். திரும்பாமலே, தோளுக்கு மேல் பின்பக்கமாக நீட்டினாள்.

உள்ளங்கை விரித்துக் காட்டும் சிவப்புப் படம். போதும்.

கரோலின் அந்த அட்டையை வாங்கிக்கொண்டாள். சீப்பைக் கீழே வைத்தாள்.